ஐஸ்கிறீம் மூடியில் எழுதிய திகதி

கடிதம் இலக்கம் 1
2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 9.40

ம. றெமிஜியஸ்,
இல. 407, நாலாம் மாடி,
வெக்ஸ்போர்ட், ரொறன்ரோ.

திரு. பஸ்ரியன் அவர்களுக்கு,
இல. 904, ஒன்பதாம் மாடி, அதே கட்டடம்.

விடயம்: உமது பாம்பின் உணவும் என் மனைவியாரின் சனிக்கிழமைகளும்

அன்புடையீர்,

எலிவேற்றரில் ஒரு நிமிடத்தில் வந்து கேட்கக்கூடியதை ஏன் முத்திரை ஒட்டித் தபாலில் அனுப்புகிறார் என்று நீர் யோசிக்கலாம். நேரில் வந்தால் தேத்தண்ணி தருவீர். நானும் குடித்துவிட்டு, கேட்க வந்ததைக் கேளாமல் இறங்கிவிடுவேன். அது ஒரு காரணம். தபாலில் போகும் கடிதத்தில் அரசாங்கம் திகதி குத்தும் என்பது மற்றையது. உணவு பொதிசெய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பொதிகளின் காலாவதித் திகதியைச் சரிபார்த்தவன் நான். திகதி இல்லாத எதையும் நான் நம்புவதில்லை.

உமது மகள் மயூரி வேலை கிடைத்து ஹலிபாக்ஸ் போனபோது தன் மலைப்பாம்பை உம்மிடம் விட்டுச் சென்றது கடந்த செப்டெம்பரில். அதைத் தொட உமக்குக் கை நடுங்குகிறது என்று நீர் என் மனைவியார் கிளடிசிடம் சொன்னது, கோயில் முடிந்து வெளியே வரும்போது, செப்டெம்பர் 29ஆம் திகதி. முதியோர் இல்லத்தில் பதினேழு வருடம் வேலை செய்தவர் அவர். அவர் கைகள் எதற்கும் நடுங்கா. ஒக்ரோபர் 5, சனிக்கிழமை, முதன்முதலாக மேலே வந்தார். முப்பது நிமிடம். அப்போது இரண்டு சனிக்கு ஒருமுறை என்று பேச்சு. இப்போது செவ்வாயும் வியாழனும் சேர்ந்துவிட்டன. கடந்த வாரம் மொத்தம் நான்கு மணி பத்து நிமிடம். பூசைக்கு மட்டும் என்று வைத்திருந்த நீலக் கார்டிகனை இப்போது ஒன்பதாம் மாடிக்கும் போடுகிறார்.

இவற்றையெல்லாம் நான் பொறுத்தேன். மார்ச் 8ஆம் திகதி நடந்ததைப் பொறுக்க இயலவில்லை.

அன்று பிற்பகல் 4.10க்கு அவரை அழைத்துப் போக நான் மேலே வந்தேன். உமது கதவைத் தட்டக் கை தூக்கியபோது உள்ளே அவருடைய குரல் கேட்டது. கேட்டபடியே எழுதுகிறேன்: "வா ராசா. என்ன கூச்சம்? இஞ்சை ஒருத்தரும் பாக்கேல்லை. சாப்பிடு, என்ர ராசா." பிறகு சிரித்தார். நீரும் சிரித்தீர். நான் கையை இறக்கி, எலிவேற்றரில் எவரும் என் முகத்தைப் பார்க்கக்கூடாதென்று படிகளால் இறங்கினேன்.

எங்களுக்குத் திருமணமாகி இன்றுடன் நாற்பத்தாறு ஆண்டுகள், ஆறு மாதங்கள், பதின்மூன்று நாட்கள். இந்தக் காலத்தில் அவர் என்னை அந்தச் சொல்லால் கடைசியாக அழைத்தது 2009 நவம்பர் 12, வியாழக்கிழமை, பித்தப்பை அறுவைச் சிகிச்சைக்குப் பின் எனக்கு மயக்கம் தெளிந்தபோது. அதற்கு முன்பும் அடிக்கடி என்று சொல்லமுடியாது.

ஆகவே மூன்று கேள்விகள். முதலாவது, உமது வீட்டில் ராசா என்பவர் யார்? இரண்டாவது, அந்தப் பாம்பு எதைத் தின்கிறது, உயிருள்ளதையா செத்ததையா, அதைக் கொடுக்க என் மனைவியார் ஏன் வேண்டும்? மூன்றாவது, சனவரி 18ஆம் திகதி என் டீப் பிறீசரில் உமது பெயரில் வைக்கப்பட்ட ஐஸ்கிறீம் பெட்டியில் என்ன இருக்கிறது? நான் கேட்டபோது "பஸ்ரியன்ர சாமான், நீங்கள் திகதியை மட்டும் எழுதுங்கோ" என்றார். மூடியில் எழுதினேன். திறந்து பார்க்கவில்லை, பிறருடைய பெட்டியை நான் திறப்பதில்லை.

இன்னுமொன்று. என்னை அண்ணை என்றும் அவரை அக்கா என்றும் அழைக்கிறீர். நான் அண்ணனும் அவர் அக்காவும் என்றால், உமது உறவுமுறையில் எங்கள் திருமணத்துக்கு இடமே இல்லை.

இங்ஙனம்,
ம. றெமிஜியஸ்

இணைப்பு: ஒக்ரோபர் 5 முதல் மார்ச் 8 வரை என் மனைவியார் மேலே வந்த நாட்களும் நேரங்களும், ஒரு தாள்.

*

சனிக்கிழமை, மத்தியானம் சாப்பிட்ட பிறகு

அன்பின் றெமி அண்ணைக்கு,

உங்கள் கடிதம் நேற்று வந்தது. அரசாங்கக் கடிதமாக்கும் என்று பயந்து உடைத்தேன். நான் தமிழில் கடிதம் எழுதிப் பல வருடம். எழுத்துப் பிழை இருந்தால் பொறுங்கள். முத்திரை வாங்கப் போகவில்லை. கதவுக்கடியால் தள்ளிவிடுகிறேன்.

அண்ணை, ராசா என்றது பாம்பை. மயூரி வைத்த பெயர் நூடில்ஸ். அக்காவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. "சாப்பாட்டுச் சாமான்ர பேரை ஒரு சீவனுக்கு வைப்பினமோ" என்று கேட்டுவிட்டு, தானாக ராசா என்று கூப்பிடத் தொடங்கினா. நான் சிரித்தது, அது சாப்பாட்டைக் கண்டதும் தலையைச் சுருட்டி உடம்புக்குள் ஒளித்ததைப் பார்த்து. அந்த இனமே அப்படித்தானாம். கூச்சம் வந்தால் பந்துபோல் சுருண்டுவிடும். இதற்காக நீங்கள் ஐந்து மாடி படியால் இறங்கினீர்கள் என்று நினைக்க, முழங்காலுக்குத் தைலம் கொண்டுவந்து தரவேணும் போலக் கிடக்கிறது.

பெட்டிக்குள் என்ன என்று கேட்டிருந்தீர்கள். கோபிக்கக்கூடாது. எலி. செத்த எலி, ஐஸில் உறைந்தது, கடையில் பக்கற்றில் விற்கிறது. என் பிறீசர் கதவு சரியாக மூடாது. அக்காதான் "எங்கட பெரிய பிறீசருக்குள்ள வைப்பம், அவர் திறந்து பாக்கமாட்டார்" என்றா. உங்கள் பாரை மீனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. மூன்று பை சுற்றி இருக்கிறது, பயப்படவேண்டாம்.

உயிரோடு கொடுப்பதில்லை. மயூரி போகும்போது சத்தியம் வாங்கினவள். உயிருள்ள எலியைத் தொட்டிக்குள் விட்டால் அது தன் உயிருக்காகக் கடிக்கும், பாம்புக்குப் பசியில்லாவிட்டால் சும்மா சுருண்டு கிடந்து கடிவாங்கும், கண் போகும், முதுகெலும்பு தெரியுமளவுக்குத் தின்றுவிடும் என்று மிருக வைத்தியர் படம் காட்டினவராம். அதனால் உறைந்ததை முதல்நாளே பிறிட்ஜில் வைத்து இளக்கி, சுடுதண்ணீரில் சூடாக்கி, நீள இடுக்கியால் பிடித்து ஆட்டவேணும். எனக்கு அந்த வாலைக் கண்டாலே கை ஆடும். அக்கா பிடித்தால் ஆடாது.

அவ்வளவுதான் அண்ணை. உங்களுக்கு மனவருத்தம் என்றால் நான் இனி அக்காவைக் கூப்பிடமாட்டேன். ஆனால் செவ்வாயும் வியாழனும் நான் கூப்பிட்டு வாறதில்லை. தானாகத்தான் வாறா. வந்து தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டு அதோடு கதைத்துக்கொண்டிருப்பா. நான் பெரும்பாலும் குசினிக்குள் நிற்பேன்.

உங்கள் தாளில் ஜனவரி 23 விடுபட்டிருக்கிறது. அன்றும் வந்தவ.

அன்புடன்,
பஸ்ரியன்

*

கடிதம் இலக்கம் 2
2025 மார்ச் 19, புதன்கிழமை, புனித சூசையப்பர் திருநாள், முற்பகல் 8.15

விடயம்: உமது திகதியற்ற கடிதம், பெட்டி அகற்றப்பட்டமை, உயிருள்ள இரை பற்றிய எச்சரிக்கை

அன்புடையீர்,

"சனிக்கிழமை, சாப்பிட்ட பிறகு" என்பது திகதி அன்று. வருடத்தில் ஐம்பத்திரண்டு சனிக்கிழமைகள் உள. அவை எல்லாவற்றிலும் நீர் சாப்பிட்டிருப்பீர். உமது கடிதம் மார்ச் 15ஆம் திகதி பிற்பகல் 2.35க்கு என் கதவடியில் கிடந்தது என்று நானே குறித்துவைத்தேன். சனவரி 23ஐயும் சேர்த்துக்கொண்டேன்.

விளக்கத்துக்கு நன்றி. அது எனக்கு ஆறுதல் தரும் என்று எதிர்பார்த்தீர்போலும். ஒரு மனிதனை அப்படி அழைத்திருந்தால், அந்த மனிதனிடம் என்ன இருக்கிறது, என்னிடம் என்ன இல்லை என்று நான் கணக்குப் பார்த்திருப்பேன். இதனிடம் கைகள் இல்லை, வெளிக்காது இல்லை, கண்ணிமைகூட இல்லை. நான் வாடகை ஒப்பந்தம் படித்துச் சொல்லும்போது கொட்டாவி விடுபவர், அதன் முன் கதிரை போட்டு அமர்கிறார். என்ன கதைக்கிறார் என்று நீர் எழுதவில்லை. குசினிக்குள் நின்றாலும் காது கேட்டிருக்கும்.

அடுத்து, பெட்டி. என் வீட்டுப் பிறீசரில் இருக்கும் ஒவ்வொன்றுக்கும் மூடியில் திகதி உண்டு, அதைக் கடந்தது எதுவும் அங்கே இருப்பதில்லை. நேற்று, மார்ச் 18ஆம் திகதி, பிறீசரைச் சரிபார்த்தபோது உமது பெட்டியிலிருந்தவை திகதி முடிந்தவையாகக் காணப்பட்டமையால், குப்பைக் குழாயில் அகற்றப்பட்டன. இதில் தனிப்பட்ட நோக்கம் எதுவும் இல்லை.

இது தொடர்பாக நான் நூலகத்தில் இரண்டு புத்தகங்கள் இரவல் எடுத்து வாசித்தேன். உமக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். வளர்ந்த பாம்பு ஒன்று வாரக்கணக்கில் உண்ணாமல் இருக்கும். ஒரு சனிக்கிழமை தவறினால் அதற்கு ஒன்றும் ஆகாது. அவசரப்பட்டு எந்தக் காரணம் கொண்டும் உயிருள்ள எலியைத் தொட்டியில் விடவேண்டாம். சிறியது என்று கடைக்காரர் சொன்னாலும் விடவேண்டாம். மூலையில் அகப்பட்ட எலி கடிப்பதைத் தவிர வேறு எதையும் அறியாது, பாம்புக்கோ அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஓடித்தப்ப இடமில்லை. அப்படியும் விடுபவர் அருகிலேயே நிற்கவேண்டும். ஒரு நிமிடமும் கண்ணை எடுக்கலாகாது. உறைந்த எலியை மைக்கிறோவேவில் சூடாக்குவதும் தவறு.

புதிய பக்கற் வாங்குவதானால் அதை உமது பிறீசரிலேயே வைத்துக்கொள்ளவும். கதவு மூடாவிட்டால் கட்டட அலுவலகத்துக்கு எழுதவும். எழுதித் தருவதற்கு நான் ஆயத்தம்.

இங்ஙனம்,
ம. றெமிஜியஸ்

இணைப்பு: புத்தகத்தின் 112, 113ஆம் பக்கங்களின் பிரதி.

*

புதன்கிழமை காலை. மார்ச் 26. உங்களுக்காகத் திகதி போட்டிருக்கிறேன்.

றெமி அண்ணைக்கு,

உங்கள் இரண்டாம் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அதை வாசித்துவிட்டு நிலத்தில் இருந்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அக்கா தொலைபேசி எடுத்தா. சாமான் திகதி முடிந்ததென்று அவர் எறிந்துவிட்டார், திங்கட்கிழமை தானே போய்ப் புதுசு வாங்கிவாறன் என்றா. நான்தான் பொறுக்கவில்லை. உங்கள் முதல் கடிதத்துக்குப் பிறகு அக்காவை அலைக்கழிக்க எனக்கு விருப்பமில்லை. நானே செய்து பார்ப்பம், இந்த மனிசன் இனி ஒரு தாளும் எழுதத் தேவையில்லை என்று நினைத்தேன். பஸ் எடுத்துப் போனேன். கடையில் உறைந்தது முடிந்துவிட்டது. அந்தப் பெடியன் ஒரு கடதாசிப் பெட்டியை நீட்டி, "அங்கிள், இது சின்னது, ஒண்டும் செய்யாது" என்றான். உள்ளே அசைந்தது. இடுக்கி பிடிக்கத் தேவையில்லை, வாலைத் தொடத் தேவையில்லை, திறந்து விட்டால் போதும் என்று எனக்கு அது நல்லதாகவும் பட்டது. மயூரிக்குச் செய்த சத்தியம் நினைவு வந்தது. ஒருமுறைதானே என்றேன்.

விட்டேன். நூடில்ஸ் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த நேரம் மயூரி கூப்பிட்டாள். அவளுக்கு எலிச்சத்தம் கேட்கக்கூடாதென்று பல்கனிக்குப் போய்க் கதைத்தேன். இருபத்தைந்து நிமிடம். திரும்பி வந்து பார்க்க, எலி அதன் முதுகில் ஏறி இருந்தது. நூடில்ஸ் பந்துபோல் சுருண்டு, தலையை உள்ளே ஒளித்துக்கொண்டு, கடியை வாங்கிக்கொண்டு கிடந்தது. சத்தம் போடத் தெரியாத சீவன் அண்ணை. நாயென்றால் குரைத்திருக்கும்.

முதுகில் இரண்டு இடம், ஒன்று எலும்புவரை. இடக்கண்ணுக்குக் கீழே ஒன்று. மிருக வைத்தியர் தைத்து மருந்து தந்திருக்கிறார். மூன்று நாளுக்கொரு ஊசி. எழும்புமா என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். மயூரிக்குச் சொன்னேன். அவள் ஏசவில்லை. "அப்பா, யூ ப்ராமிஸ்ட்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஊசி போடுவது அக்காதான். புண் துடைப்பதும் அவதான்.

பிழை என்னுடையது. உங்களைக் குறைசொல்ல எழுதவில்லை. நீங்கள் எழுதின ஒவ்வொரு வரியும் சரி: கடைக்காரர் சொன்னாலும் விடவேண்டாம், கண்ணை எடுக்கவேண்டாம், ஒரு சனி தவறினால் ஒன்றும் ஆகாது. எல்லாம் அப்படியே நடந்தது. ஒன்றுதான் அண்ணை. அந்தக் கடிதம் இரண்டு நாள் முந்தி வந்திருக்கலாம்.

பஸ்ரியன்

*

கடிதம் இலக்கம் 3
2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 1.05

விடயம்: நிகழ்ந்தது பற்றி

அன்புடையீர்,

உமது பாம்புக்கு நேர்ந்ததை அறிந்து வருந்துகிறேன். எச்சரிக்கை உரிய முறையில் எழுத்தில் விடுக்கப்பட்டது. தபால் தாமதத்துக்கு நான் பொறுப்பல்லன்.

நேற்று என் மனைவியார் மேலே இருந்தது இரண்டு மணி நாற்பது நிமிடம். நேற்றுமுன்தினம் இரண்டு மணி ஐந்து நிமிடம். இறங்கி வரும்போது கையில் மருந்து மணக்கிறது. சாப்பாட்டு மேசையில் நான் பேசும்போது நேரத்தைப் பார்க்கிறார். நாற்பத்தாறு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் நேரத்தைப் பார்ப்பவன் நானாகவே இருந்தேன்.

காயப்பட்டவர்மீது அக்கறை காட்டுவது நியாயம். எனக்கு இந்த மாதம் 14ஆம் திகதி முதல் முழங்கால் வலி இருக்கிறது. அதை ஒருவரும் துடைக்கவில்லை. இதை முறைப்பாடாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தகவலுக்காக எழுதினேன்.

புண் ஆறும் வரையில் தொட்டியில் மரத்தூள் போடாமல் வெள்ளைக் கடதாசி விரிக்கவேண்டும். 140ஆம் பக்கம்.

இங்ஙனம்,
ம. றெமிஜியஸ்

இணைப்பு: 140ஆம் பக்கத்தின் பிரதி.

*

ஏப்ரில் 15, செவ்வாய், பின்னேரம்

அன்பின் றெமி அண்ணைக்கு,

கடதாசி விரித்தோம். நல்லது என்று வைத்தியரும் சொன்னார். முதுகுப் புண் காய்கிறது. கண் தப்பிவிட்டது. ஆனால் சாப்பிடவில்லை. போன கிழமை, நான் புதிதாக வாங்கின உறைந்த பக்கற்றிலிருந்து வைத்தியர் தானே ஒன்றை நீட்டிப் பார்த்தார். எலியின் மணம் பட்டதும் சுருண்டு தலையை ஒளித்துவிட்டது. முந்தியது கூச்சம், இது பயம் என்று அவர் சொன்னார். இந்தச் சனி, 19ஆம் திகதி, இன்னொருமுறை கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அப்போதும் எடுக்காவிட்டால் குழாய் வைத்துத்தான் ஊட்டவேணுமாம். இந்த உடம்பு அதைத் தாங்குமா என்று தெரியாதாம்.

இதை எழுத வந்தது அதற்காக இல்லை. நேற்று உங்கள் மனிசி வந்து இரண்டு மணித்தியாலம் தொட்டிக்கு முன்னால் இருந்தா. ராசா என்றுகூடக் கூப்பிடவில்லை. என்ன அண்ணி என்று கேட்டேன். ஓம் அண்ணை, இனி அண்ணி என்றே கூப்பிடுகிறேன், நீங்கள் சொன்னது சரிதான். அவ தொட்டிக் கடதாசியை மாற்றிவிட்டு இறங்கிப் போனா. வீட்டில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன்.

அவ இதோடு என்ன கதைக்கிறவ என்று முந்தி கேட்டிருந்தீர்கள். குசினிக்குள் எனக்குக் கேட்டதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன். உங்களைப் பற்றித்தான். கலியாணம் பேசி வந்த அன்று நீங்கள் சைக்கிளை மதிலில் சாத்த, அது சரிந்து அவவின் ஐயாவின் காலில் விழுந்தது. ரொறன்ரோ வந்த முதல் பனிக்காலம் சப்பாத்துக்குள் பிளாஸ்ரிக் பை சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனது. ஒப்பரேசன் முடிந்து கண் திறந்தவுடன் "இண்டைக்கு என்ன திகதி" என்று நீங்கள் கேட்டது. ஒருநாள் நான் கேட்டேன், இதையெல்லாம் அண்ணையோடு இருந்து கதைக்கலாமே என்று. "அவரோட கதைச்சா அது செவ்வாய் இல்லைப் புதன் எண்டுவார், கதை அங்கையே நிண்டிடும். ராசா திருத்தாது" என்றா.

கோபிக்கவேண்டாம். சொன்னதைத்தான் எழுதினேன்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு வருவா.

பஸ்ரியன்

*

கடிதம் இலக்கம் 4
2025 ஏப்ரில் 19, பெரிய சனிக்கிழமை, பிற்பகல் 2.50

விடயம்: மூடியில் இருந்த திகதி

தம்பி பஸ்ரியன்,

கிளடிஸ் இப்போதுதான் கதவைச் சாத்திக்கொண்டு மேலே புறப்பட்டாள். நீலக் கார்டிகன் போடவில்லை. நான் எழுதுவதை அவளும் கேட்கட்டும், சத்தமாக வாசியும்.

சனவரி 18ஆம் திகதி அந்தப் பெட்டியின் மூடியில் நான் எழுதியது இது: "பஸ்ரியன். 2025.01.18. 2025.07.18 வரை." மார்ச் 18ஆம் திகதி நான் அதைக் கொட்டினேன். அன்று அந்தத் திகதிக்குச் சரியாக நான்கு மாதங்கள் மிச்சம் இருந்தன. திகதி முடிந்தது என்று நான் உமக்கு எழுதியதும் கிளடிசிடம் சொன்னதும் பொய். எலி என்று அறிந்ததால் வந்த அருவருப்பும் அல்ல. அந்தச் சனிக்கிழமை அவள் மேலே போவதற்குக் காரணம் ஒன்றும் இருக்கக்கூடாது என்று நினைத்தேன். வேறு எதுவும் நினைக்கவில்லை.

எலிகளை எறிந்தேன், பெட்டியை எறியவில்லை. வெந்நீரில் இரண்டுமுறை கழுவி, துடைத்து, மூடியோடு குசினித் தட்டில் மற்றப் பெட்டிகளோடு ஏற்றினேன். நல்ல ஐஸ்கிறீம் பெட்டியை யார் எறிவது? எங்கள் வீட்டில் இதுவரை ஒன்றையும் எறிந்ததில்லை. குருத்தோலை ஞாயிறு, ஏப்ரில் 13, மிஞ்சின மீன்குழம்பை ஊற்ற கிளடிஸ் ஒரு பெட்டி எடுத்தாள். எண்பதுக்கு மேற்பட்ட பெட்டிகளில் அதுவே கையில் வந்தது. மூடியை வாசித்தாள். பெட்டியை மேசையின் நடுவில், என் சாப்பாட்டுக் கோப்பைக்கு எதிரே வைத்தாள்.

"இருவத்திரண்டு வருசம் திகதி பாத்த மனிசன் நீங்கள்," என்றாள்.

அதன்பிறகு இன்றுவரை என்னோடு பேசவில்லை. சோறு போடுகிறாள், எதிரில் இருப்பதில்லை.

தொழிற்சாலையில் ஒரு பொதியில் ஒரு இலக்கம் பிழைத்தால் அந்த வரிசை முழுவதையும் நிறுத்துவேன். ஒருவரையும் பிழையான திகதியை நம்பச் செய்யவில்லை என்பதே என் வாழ்நாளில் நான் பெருமைப்பட்ட ஒரே விடயம். அதை உமது பாம்புக்காகக் கெடுத்துக்கொண்டேன்.

இதைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. அது கிளடிசுக்கும் தெரியாது.

உமது கடிதத்தில் இரண்டு நாள் முந்தி வந்திருக்கலாம் என்று எழுதினீர். தபால் தாமதம் என்று நான் பதில் எழுதினேன். தாமதம் எதுவும் இல்லை. என் முதற் கடிதம் செவ்வாய் போட்டு வெள்ளி உமக்குக் கிடைத்தது, மூன்று நாள். புதன்கிழமை போட்டது மூன்றாம் நாள் சனிக்கிழமை வரவேண்டும். சனிக்கிழமைகளில் இங்கே கடிதம் கொடுப்பதில்லை, ஆகவே திங்கள். இதைப் பெட்டியில் போடும்போதே கணித்தேன். பாம்புக்குச் சாப்பாடு கொடுக்கும் நாள் சனி என்பதும் எனக்குத் தெரியும். ஒக்ரோபர் முதல் அந்த நாளை என் தாளில் எழுதி வருபவன் நான். எலிவேற்றரில் வந்து கதவைத் தட்டி "உயிருள்ளதை விடாதையும்" என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் ஒரு முத்திரையை நக்கி ஒட்டினேன். எச்சரித்தவன் என்ற பெயர் எனக்கு வேண்டியிருந்தது. எச்சரிக்கை உம்மை வந்து சேர்வது அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. பாம்பு கடிபடவேண்டும் என்று நான் விரும்பவில்லை, அது உண்மை. ஒரு சனிக்கிழமை அங்கே ஏதாவது பிழையாகப் போகவேண்டும் என்று விரும்பினேன், அதுவும் உண்மை.

புதன்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். "ஒரு பெட்டியைக் கொட்டிவிட்டுப் பொய் சொன்னேன்" என்றேன். சாப்பாட்டை வீணாக்கினீரா என்று குருவானவர் கேட்டார். ஓம் என்றேன். மூன்று "அருள் நிறைந்த மரியே" சொல்லச் சொன்னார். எலி என்று நான் சொல்லவில்லை, யாருடையது என்றும் சொல்லவில்லை. ஆகையால் அது செல்லாது. செல்லக்கூடியது இதுதான்.

கிளடிஸ், நீ அதனிடம் சொன்ன சைக்கிள் கதையை பஸ்ரியன் எனக்கு எழுதினார். அது நடந்த திகதி எனக்குத் தெரியும். நான் சொல்லப்போவதில்லை. நீ என்ன கிழமை என்று சொல்கிறாயோ அன்றுதான் அது நடந்தது.

பெரிய வியாழன் காலை நானே பஸ் எடுத்துப் போய் உறைந்த எலி ஒரு பக்கற் வாங்கினேன், ஐஸ் பையில் கொண்டுவந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் மீனா என்று கேட்டார். ஓம் என்றேன். அது இந்த வருடத்தில் நான் சொன்ன கடைசிப் பொய்யாக இருக்கட்டும். நேற்று மாலை ஒன்றை பிறிட்ஜில் இளக வைத்தேன். கிளடிஸ் கண்டாள், பாரை மீனைச் சற்றுத் தள்ளி இடம் விட்டாள். உம்மிடம் இருப்பது ஏற்கெனவே மறுக்கப்பட்ட பக்கற். இது வேறு கடை, மணம் வேறாக இருக்கலாம் என்று எண்ணினேன். 118ஆம் பக்கத்தில் அப்படி ஒரு குறிப்பு உண்டு. கை நடுக்கம் எனக்கும் இருக்கிறது, ஆனால் இடுக்கியைப் பிடிக்க நான் வரவில்லை. அதைப் பிடிப்பவள் கிளடிஸ். அவள் அதை எப்படி அழைக்கவேண்டுமோ அப்படி அழைக்கட்டும். அது மறுபடி தலையை நீட்டுவதற்கு அந்தச் சொல்தான் வேண்டுமென்றால், அந்தச் சொல்லை அது வைத்துக்கொள்ளட்டும். அதற்குக் கிடைத்த கடி என்னால் வந்தது.

இதைத் தபாலில் போடவில்லை. சரியாக 4.10க்கு உமது கதவடியால் தள்ளுவேன். வாசிக்க ஆறு அல்லது ஏழு நிமிடம் ஆகும். அதுவரை நிற்பேன். நேரில் சொன்னால் நீர் தேத்தண்ணி தருவீர் என்று முதற் கடிதத்தில் எழுதியிருந்தேன். முதலில் வாசியும்.

ம. றெமிஜியஸ்

இணைப்புகள்:

1. ஐஸ்கிறீம் பெட்டியின் மூடி, என் கையெழுத்தில் திகதியுடன். கதவடியால் நுழையாதாகையால் கைப்பிடியில் தொங்கும் பையில்.

2. எலி, ஒன்று. உயிரற்றது, முழுவதும் இளகியது, சுடுதண்ணீரில் சூடாக்கித் துவாயில் சுற்றியது. அதே பையில். சூடு ஆறுமுன் கொடுக்கவும்.

3. முத்திரை, ஒன்று. பயன்படுத்தப்படாதது.

4. இவற்றைக் கொண்டுவந்தவர், ஒருவர். கதவுக்கு வெளியே. எந்தப் பெயரால் கூப்பிட்டாலும் வருவார்.